ஆரன் அடித்தால் கேட் திறக்காது: ஏபிஐ ரேட் லிமிட் பிழையை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

எங்கள் ஆபீஸ் பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருக்கிறது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் லாரி ஓட்டும் சில முதலாளிகளுக்கு, வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் ஆப் எழுதித் தருகிறோம். ஜிபிஎஸ் கருவியிலிருந்து வரும் புள்ளியை ஒரு மேப் சேவையிடம் கொடுத்து முகவரியாக மாற்றுவோம். டெலிகிராம் குரூப்பில் செய்தி போடுவோம். மாதக் கணக்குக்காக கூகுள் ஷீட்டில் வரி சேர்ப்போம். மூன்றும் அடுத்தவர் சர்வர், மூன்றையும் அவர்கள் ஏபிஐ வழியாக, அதாவது ஒரு புரோகிராம் இன்னொன்றிடம் கேட்கும் வாசல் வழியாக அழைக்கிறோம். மூன்றிலும் ரேட் லிமிட், அதாவது இவ்வளவு நேரத்தில் இவ்வளவுதான் கேட்கலாம் என்ற வரம்பு, உண்டு. மூன்றிலும் அடி வாங்கியிருக்கிறோம்.

அடி எப்படித் தெரியவரும் என்றால், லாக்கில் (ஆப் எழுதி வைக்கும் பதிவில்) அல்ல, போனில். "இன்னா தம்பி, வண்டி ஹார்பருக்குள்ள பூட்ச்சின்னு டிரைவர் சொல்றான், உன் ஆப்புல இன்னும் மணலிலயே நின்னுகினு கீது?"

லாக்கைத் திறந்தால் 429. "அளவுக்கு மேல் கேட்டுவிட்டாய்" என்று சர்வர் சொல்லும் எண் அது. 2012-இல் ஆர்எஃப்சி 6585 என்ற இணைய விதி ஆவணம் வழியாக, வலை சர்வர்கள் பேசும் முறையான எச்டிடிபிக்குள் வந்தது. அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை போவது ஸ்லீப் என்ற காத்திருக்கும் கட்டளையின் மேல்தான். ஒவ்வொரு அழைப்புக்கும் நடுவே 1 வினாடி, போதாவிட்டால் 5 வினாடி. சில நேரம் இது வேலையும் செய்துவிடும். அதுதான் வம்பு. காரணம் தெரியாமலே பிழை மறைந்தால், அடுத்த மாதம் வண்டி எண்ணிக்கை கூடும்போது அதே இடத்தில் திரும்ப வரும்.

ஸ்லீப்பைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். எதை எண்ணுகிறார்கள்? யார் பேரில் எண்ணுகிறார்கள்? எவ்வளவு நேரத்துக்கு எண்ணுகிறார்கள்? எண்ணப்படுவது அழைப்புகளாக இருக்கலாம், ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு விலை வைத்த யூனிட்டுகளாக இருக்கலாம், ஒரே நேரத்தில் திறந்திருக்கும் இணைப்புகளாகவும் இருக்கலாம். கணக்கு ஏபிஐ கீயின் (அழைப்பவர் யார் என்று காட்டும் ரகசிய எழுத்து வரிசை) பேரிலோ, ஐபி முகவரியின் பேரிலோ, பயனர் பேரிலோ இருக்கும். இதெல்லாம் தெரிய, தோற்றுப்போன அழைப்பின் ஸ்டேட்டஸ் எண் (429 போன்றது), எல்லா ஹெடர்கள் (பதிலோடு வரும் குறிப்புகள்), பாடி (பதிலின் உள்ளடக்கம்), நேரம், எந்தக் கீ, எந்த சர்வரிலிருந்து போனது என எல்லாம் லாக்கில் இருக்க வேண்டும். 'ஏபிஐ எரர்' என்று மட்டும் எழுதி வைத்திருக்கும் லாக் எதற்கும் உதவாது. கீயை மட்டும் முழுதாக எழுதாதீர்கள். கடைசி நான்கு எழுத்து போதும்.

இனி அறிகுறிகள். உங்களுக்குப் பொருந்துவதற்கு நேராகப் போங்கள்.

அறிகுறி: கொஞ்ச நேரம் ஓடும், 429 வரும், தானாகச் சரியாகும், திரும்ப வரும்

இருப்பதிலேயே சாதுவான நோய். பெரும்பாலும் மருந்து பதிலிலேயே இருக்கும்: ரீட்ரை-ஆஃப்டர் என்ற ஹெடர். எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்று அவர்களே சொல்கிறார்கள், நாம்தான் படிப்பதில்லை.

படிக்கும்போது ஒரு கண்ணி உண்டு. அந்த ஹெடர் இரண்டு வடிவில் வரலாம். ஒன்று வெறும் வினாடி எண்ணிக்கை, 120 என்பது போல. இன்னொன்று கிழமை, தேதி, நேரம் எல்லாம் போட்ட முழு வாக்கியம், கிரீன்விச் நேரத்தில். எண் மட்டுமே வரும் என்று நம்பி எழுதிய ஜாவாஸ்கிரிப்ட், தேதி வந்த அன்று அதை 'எண் அல்ல' என்று மாற்றிக்கொள்ளும். அதை, இத்தனை மில்லி வினாடி கழித்து ஓடு என்று சொல்லும் செட்டைம்அவுட்டிடம் கொடுத்தால், ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ் 1 மில்லி வினாடி என்று எடுத்துக்கொள்ளும். காத்திரு என்று சொன்ன சர்வரை நீங்கள் வினாடிக்கு நூற்றுக்கணக்கில் தட்டத் தொடங்குவீர்கள்.

ரீசெட் ஹெடர் இதைவிடக் குறும்பு. கோடைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் போன்ற சேவைகள் 'எக்ஸ்-ரேட்லிமிட்-ரீசெட்' என்று தருவது காத்திருக்க வேண்டிய நேரம் அல்ல; கணக்கு புதிதாகத் தொடங்கும் கணம், 1970-இலிருந்து எண்ணிய வினாடியில். அதாவது நூற்று எழுபது கோடியைத் தாண்டிய ஓர் எண். எங்களோடு வேலை செய்யும் வியாசர்பாடித் தம்பி அதை அப்படியே செட்டைம்அவுட்டில் போட்டான். அது மில்லி வினாடி என்று கொண்டு, ஏறக்குறைய 20 நாள் தூங்கப் போய்விட்டது. "ண்ணா, இது வினாடி, மில்லி வினாடி ஆக்கணும்" என்று கண்டுபிடித்து 1000-ஆல் பெருக்கினான். இப்போது எண் 2,147,483,647-ஐத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் போனால் நோட் அதையும் 1 மில்லி வினாடி ஆக்கிவிடும். 20 நாள் தூங்கியவன் ஒரே திருத்தத்தில் வெறி பிடித்து ஓடினான். சரியான கணக்கு: ரீசெட் நேரத்திலிருந்து இப்போதைய நேரத்தைக் கழி, எதிர்மறை வந்தால் பூஜ்யமாக்கு, ஒன்றிரண்டு வினாடி கூடச் சேர். உங்கள் சர்வரின் கடிகாரம் பிசகியிருந்தால் இந்தக் கணக்கும் பிசகும். பதிலோடு வரும் டேட் ஹெடரை வைத்துக் கழிப்பது இன்னும் நம்பகமானது.

அறிகுறி: ரீட்ரை (தோற்றால் திரும்ப முயல்வது) போட்ட பிறகு நிலைமை மோசமாகிவிட்டது

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கேட் மூடியிருக்கும்போது இரண்டு பக்கமும் வண்டி சேரும். ஆரன் அடிப்பார்கள், கேட் திறக்காது. திறந்த நொடியில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உள்ளே பாயும், நடுத் தண்டவாளத்தில் மாட்டிக்கொள்ளும். அடுத்த ரயில் வந்துவிடும்.

எல்லா வொர்க்கரும் (பக்கத்தில் பக்கத்தில் ஒரே நேரத்தில் வேலை ஓட்டும் புராசஸ்கள்) 429 வாங்கி, எல்லாம் சரியாக 5 வினாடி காத்திருந்து, எல்லாம் ஒன்றாகத் திரும்பப் போனால் நடப்பது இதுவே. ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருப்பை இரட்டிப்பாக்க வேண்டும்: 1, 2, 4, 8 என்று போய் 60-இல் நிற்கட்டும். ஆனால் இரட்டிப்பு மட்டும் போதாது, ஏனென்றால் எல்லோரும் ஒன்றாகத்தானே இரட்டிப்பாக்குகிறார்கள். அந்த 8 வினாடியை அப்படியே காத்திருக்காமல், 0-க்கும் 8-க்கும் நடுவே குத்துமதிப்பாக ஓர் எண்ணை எடுத்து அவ்வளவு காத்திருக்கச் சொல்லுங்கள். ஜிட்டர் என்பது இவ்வளவுதான். ஈதர்நெட் கம்பியில் இரண்டு கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால் பிரித்து விடப் பயன்பட்ட பழைய உத்தி. ரீட்ரை-ஆஃப்டர் வந்திருந்தால் அந்த நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்து, அதற்கு மேல் ஜிட்டரைச் சேருங்கள்.

அடுத்து, எத்தனை அடுக்கில் ரீட்ரை இருக்கிறது என்று பாருங்கள். எச்டிடிபி லைப்ரரி தானே 3 தடவை முயலும். அதைச் சுற்றி நீங்கள் எழுதிய ஃபங்ஷன் 3 தடவை. அந்த வேலையை வரிசையில் வைத்து ஓட்டும் கியூ 3 தடவை. ஒரு முகவரி கேட்க 27 அழைப்பு. எங்கள் கோடில் இது நிஜமாகவே இருந்தது. மூன்றும் மூன்று பேர் மூன்று காலத்தில் நல்லெண்ணத்தோடு சேர்த்தவை. ஒரே ஓர் அடுக்கில் வைத்துவிட்டு மற்றதை அணைத்துவிடுங்கள். எந்த அடுக்கு என்றால், கியூவுக்குப் பக்கத்தில் இருப்பது என்பது என் கட்சி. அங்கேதான் வேலையைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைப் பார்க்க முடியும். உள்ளே இருக்கும் ஃபங்ஷன் தூங்கினால் வொர்க்கரே தூங்குகிறது.

400, 401 போன்ற, கேட்டதே தப்பு என்று சொல்லும் பதிலுக்கு ரீட்ரை வேண்டாம். தப்பான கீ நூறாவது தடவையும் தப்பான கீதான். பணம் அனுப்புவது, வரி சேர்ப்பது போன்ற போஸ்ட் அழைப்பில் 429 வந்தால் பொதுவாகத் திரும்ப அனுப்பலாம், வேலை தொடங்கும் முன்னரே மறுத்திருப்பார்கள். டைம்அவுட் ஆனால்தான் ஆபத்து: முதல் அழைப்பு உள்ளே போயிருக்கலாம். ஒரே வாடகை ஷீட்டில் இரண்டு தடவை ஏறி, முதலாளி எங்களை மேலும் கீழும் பார்த்த கதை உண்டு. அந்தச் சேவை ஐடம்பொடென்சி கீ (ஒரே வேலை இரண்டு தடவை நடக்காமல் தடுக்கும் அடையாளம்) ஏற்றுக்கொண்டால் அனுப்புங்கள்.

அறிகுறி: மணி அடித்தாற்போல 00-ஆவது நிமிடத்தில் மட்டும் விழுகிறது

குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரானைப் பாருங்கள். ரிப்போர்ட், பேக்கப், ஷீட் அப்டேட் எல்லாவற்றையும் மணிக்குச் சரியாக வைத்திருப்பீர்கள். உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், ஆகவே அந்த நிமிடத்தில் அவர்கள் சர்வரும் திணறும். ஒன்றை 7-ஆவது நிமிடத்துக்கும் இன்னொன்றை 23-க்கும் நகர்த்துங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதி, எண்ணும் முறையில் இருக்கிறது. 'நிமிடத்துக்கு 60' என்று எழுதியிருப்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு. கடிகார நிமிடம் மாறும்போது கணக்கைப் பூஜ்யமாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே 10:00:59-க்கு 60, 10:01:00-க்கு 60 என்று இரண்டு வினாடியில் 120 அனுப்பினாலும் போகும். கடந்த 60 வினாடியைத் திரும்பிப் பார்த்து எண்ணுகிறவர்களிடம் இது நடக்காது. மூன்றாவது, டோக்கன் பக்கெட். தெருக்குழாயடியில் வைத்த குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: குழாய் வினாடிக்கு ஒரு டம்ளர் விடுகிறது, குடத்தின் கொள்ளளவு 10 டம்ளர். நிறைந்திருந்தால் 10 டம்ளரை ஒரே மூச்சில் எடுக்கலாம், அதற்குப் பிறகு வினாடிக்கு ஒன்றுதான். இப்படிப்பட்ட சேவையில் முதல் 10 அழைப்பு ஜோராகப் போய் 11-ஆவது விழும். 'நிமிடத்துக்கு 60 என்றுதானே சொன்னார்கள், நான் 11தானே அனுப்பினேன்' என்று சண்டைக்குப் போவோம். எது எந்த முறை என்று தெரியாதபோது, 60-ஐ நிமிடம் முழுக்கப் பரவலாகப் பிரித்து வினாடிக்கு ஒன்றாக அனுப்புங்கள். மூன்று முறையிலும் அது தப்பிக்கும்.

அறிகுறி: லேப்டாப்பில் சரியாக ஓடுகிறது, சர்வரில் ஏற்றினால் விழுகிறது

லேப்டாப்பில் ஒரு புராசஸ். சர்வரில் நான்கு வொர்க்கர். நீங்கள் எழுதிய லிமிட்டர் மெமரியில் எண்ணுகிறது என்றால், நான்கு வொர்க்கரும் தனித்தனியாக எண்ணும். வினாடிக்கு 10 என்று வைத்தது 40 ஆகும். செலரி என்ற பைத்தான் வேலைக் கியூவைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: அதில் டாஸ்க்குக்குக் கொடுக்கும் ரேட் லிமிட் ஒவ்வொரு வொர்க்கருக்கும் தனி, மொத்தத்துக்கு அல்ல. ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நான் படிக்காமல் இரண்டு நாள் தொலைத்தேன்.

எண்ணிக்கையைப் பொது இடத்தில், எல்லா வொர்க்கரும் பகிரும் ரெடிஸ் டேட்டாபேஸில், வையுங்கள். அங்கேயும் ஒரு சின்னப் பள்ளம். கணக்கை ஒன்று கூட்டுவது ஒரு கட்டளை, 60 வினாடியில் அழிந்துபோ என்று சொல்வது இன்னொரு கட்டளை. இரண்டுக்கும் நடுவே புராசஸ் செத்தால், அந்தக் கணக்கு என்றைக்கும் அழியாது. வரம்பைத் தொட்டதும் உங்கள் ஆப் தன்னைத்தானே நிரந்தரமாகத் தடுத்துக்கொள்ளும், வெளிச் சேவை சும்மா இருக்கும்போதே. இரண்டையும் ரெடிஸ் தானே ஓட்டும் ஒரு லூவா ஸ்கிரிப்ட்டுக்குள் போட்டு ஒரே மூச்சில் ஓட்டுங்கள்.

இதன் தலைகீழ் அறிகுறியும் உண்டு: சர்வரில் சரி, ஆபீஸில் மட்டும் விழுகிறது. அப்போது கணக்கு ஐபி முகவரியின் பேரில் போகிறது. ஆபீஸ் வைஃபையில் இருக்கும் எல்லோரும் வெளி உலகத்துக்கு ஒரே முகவரி. மொபைல் ஹாட்ஸ்பாட் என்றால் இன்னும் மோசம், முகம் தெரியாத பலரோடு ஒரே ஐபியைப் பங்கு போடுகிறீர்கள். கிட்ஹப்பில் டோக்கன் (அங்கே கீ போன்றது) இல்லாமல் கேட்டால் ஓர் ஐபிக்கு மணிக்கு 60 அழைப்பு, டோக்கனோடு கேட்டால் மணிக்கு 5000. வித்தியாசம் ஒரு ஹெடர். 60 என்ற எண் லிமிட் ஹெடரில் தெரிந்தால் உங்கள் டோக்கன் போகவே இல்லை என்று அர்த்தம். டோக்கனை வைத்திருக்கும் என்விரான்மென்ட் வேரியபிள் காலியாக இருக்கிறதா பாருங்கள்.

கூகுள் ஷீட்டில் இரண்டு பேரேடு ஓடுகிறது. படிக்கும் அழைப்பு புராஜெக்ட்டுக்கு நிமிடத்துக்கு 300, அதற்குள் ஒரு பயனருக்கு 60. எழுதுவதற்கும் அதே அளவு தனியாக. நாங்கள் எல்லா முதலாளிகளின் ஷீட்டையும் ஒரே சர்வீஸ் அக்கவுன்ட்டில் (ஆளுக்கல்ல, புரோகிராமுக்கான கூகுள் கணக்கு) எழுதினோம், ஆகவே எத்தனை முதலாளி வந்தாலும் கூகுள் கண்ணுக்கு ஒரே பயனர். 300 இருக்கிறது என்று நம்பி 60-இல் முட்டிக்கொண்டோம். தீர்வு எளிது: ஒவ்வொரு வரியாக எழுதாமல் பேட்ச் அப்டேட்டில் கட்டி அனுப்பினால், உள்ளே எத்தனை இருந்தாலும் ஓர் அழைப்பாகத்தான் எண்ணப்படும்.

அறிகுறி: 429 எங்குமே இல்லை, ஆனால் டேட்டா குறைகிறது

எல்லோரும் 429 சொல்ல மாட்டார்கள். கிட்ஹப் 403-ஆகவும் சொல்லும். 'பெர்மிஷன் இல்லை' என்று நினைத்து டோக்கனை மாற்றி மாற்றிப் பார்க்காமல், ரிமெய்னிங் ஹெடர் 0 ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 200 கொடுத்துவிட்டு, பாடிக்குள் பிழையை வைக்கும் சேவைகளும் இருக்கின்றன. அங்கே ஸ்டேட்டஸ் எண்ணை மட்டும் பார்க்கும் கோடு காலி முகவரியைச் சந்தோஷமாக டேட்டாபேஸில் எழுதும்.

503 ('இப்போது சேவை இல்லை') வந்தால், குற்றம் சாட்டும் முன் அது யாருடைய 503 என்று பார்க்க வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஜிபிஎஸ் கருவிகளின் பதிவுகள் பாதி காணாமல் போனபோது மேப் சேவையைத் திட்டி ஒரு நீண்ட மெயிலே எழுதி வைத்திருந்தேன். அனுப்புவதற்கு முன் லாக்கை மறுபடி பார்த்தால், 503 கொடுத்தது எங்கள் சர்வரின் வாசலில் அழைப்புகளை வாங்கும் என்ஜின்எக்ஸ். யாரோ பாதுகாப்புக்காக லிமிட்-ரெக் என்ற அதன் ரேட் லிமிட்டைப் போட்டிருக்கிறார்கள். அது வரம்பு மீறினால் இயல்பாகக் கொடுக்கும் எண் 503. அந்த யாரோ நான்தான். லிமிட்-ரெக்-ஸ்டேட்டஸை 429 என்று மாற்றி வையுங்கள், உங்களைப் போன்ற இன்னொருவர் குழம்பாமல் இருப்பார்.

அறிகுறி: டெலிகிராம் குரூப்பில் முதல் சில செய்தி வருகிறது, மீதி வருவதில்லை

குரூப்புக்கு ஒரு பாட் (தானாகச் செய்தி போடும் புரோகிராம்) நிமிடத்துக்கு 20 செய்திதான் போடலாம். ஒரே சாட்டில் வினாடிக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்பது அவர்கள் வழிகாட்டுதல். காத்திருக்க வேண்டிய வினாடி பாடியில் பாராமீட்டர்ஸுக்குள் இருக்கும், அங்கே தேடுங்கள். வண்டிக்கு ஒரு செய்தி என்பதை விட்டுவிட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா வண்டியையும் ஒரே செய்தியில் போட்டோம். முதலாளிகளுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. போன் ஓயாமல் 'டிங்' அடிப்பதில்லை.

அறிகுறி: நிமிடக் கணக்கு சரியாக இருக்கிறது, ஒரு நேரத்துக்கு மேல் நாள் முழுக்க நின்றுவிடுகிறது

நாள் கோட்டா தீர்ந்துவிட்டது. ரீட்ரை இங்கே முழு வீண். எப்போது மீளும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் 'நள்ளிரவு' என்பது யாருடைய நள்ளிரவு என்பதைப் பொறுத்தது. யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு என்றால் நமக்குக் காலை 5:30. யூடியூப் டேட்டா ஏபிஐ போலப் பசிபிக் நேரத்தை வைத்திருந்தால், அங்கே கோடைநேரம் இருக்கும் மாதங்களில் நமக்கு மதியம் 12:30, மற்ற மாதங்களில் 1:30. காலையில் வேலை செய்யாமல், மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்தால் தானாக ஓடும் ஆப் உங்களிடம் இருந்தால், காரணம் இதுவாக இருக்கலாம்.

இங்கே செய்ய வேண்டியது கேட்பதைக் குறைப்பதுதான். ஒரு கணக்கு போடுவோம். 40 லாரி, 30 வினாடிக்கு ஒரு புள்ளி, ஒவ்வொன்றுக்கும் முகவரி என்றால் ஒரு நாளைக்கு 1,15,200 அழைப்பு. ஆனால் துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரி எப்படி நகரும் என்று எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு நாள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். நின்ற வண்டிக்கு 30 வினாடிக்கு ஒருமுறை 'இப்போது எந்தத் தெரு' என்று கேட்டுக்கொண்டிருந்தோம். ஜிபிஎஸ் புள்ளி நின்ற இடத்திலேயே சில மீட்டர் ஆடும் என்பதால், புள்ளி மாறியதா என்று மட்டும் பார்த்தாலும் பயனில்லை. 200 மீட்டருக்கு மேல் நகர்ந்தால் மட்டும் கேள் என்று வைத்தோம். அட்சரேகை, தீர்க்கரேகையை மூன்று தசமத்துக்குச் சுருக்கினால் ஏறக்குறைய 110 மீட்டர் கட்டம் கிடைக்கும். அந்தக் கட்டத்துக்கு ஏற்கெனவே முகவரி கேட்டிருந்தால் முன்பு சேமித்து வைத்த கேச்சிலிருந்து எடுத்துக்கொள். ஒரே சாலையில் 40 வண்டியும் போவதால் முதல் வண்டி கேட்ட பதில் மற்ற 39-க்கும் உதவும்.

கேச் செய்யும் முன் சேவையின் விதிகளைப் படியுங்கள். பதிலை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கட்டுப்படுத்தும் மேப் நிறுவனங்கள் உண்டு. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் பொது நாமினேட்டிம் சர்வரில் விதி நேர்மாறு: பதிலை நீங்கள் சேமித்து வைக்கத்தான் வேண்டும், வினாடிக்கு ஒன்றுக்கு மேல் கேட்கக் கூடாது, அந்த ஒன்றும் உங்கள் ஆப்பின் எல்லாப் பயனர்களையும் சேர்த்து.

தம்பி ஒரு யோசனை சொன்னான்: "ண்ணா, அஞ்சு மெயில் ஐடில அஞ்சு கீ வாங்கி மாத்தி மாத்தி விட்டுடலாமே." கணக்கு ஐபியின் பேரில் இருந்தால் அது பலிக்காது. கீயின் பேரில் இருந்தால் பலிக்கும், பிடிபடும் வரை. பல சேவைகளின் விதிகள் இதை வெளிப்படையாகவே தடுக்கின்றன, பிடித்தால் ஐந்து கீயும் ஒன்றாகப் போகும். அன்றைக்கு 40 லாரியும் வரைபடத்தில் இருக்காது. பணம் கட்டி வரம்பை உயர்த்துவது கௌரவக் குறைவில்லை. குறைக்க வேண்டியதைக் குறைத்த பிறகு கட்டினால் கொஞ்சமாகக் கட்டலாம்.

சரி செய்துவிட்டோம் என்று எப்படித் தெரியும்

நிஜச் சேவையை வைத்துச் சோதிக்காதீர்கள், அதற்கும் கணக்கு ஓடும். உள்ளே ஒரு பொய் சர்வர் எழுதுங்கள். இருபது வரி போதும். ஒருமுறை 429-ஐ ரீட்ரை-ஆஃப்டர் 2 என்று எண்ணோடு தரட்டும், ஒருமுறை தேதி வடிவில், ஒருமுறை ஹெடரே இல்லாமல், ஒருமுறை 403, ஒருமுறை 200-க்குள் பிழை. ஒவ்வொன்றுக்கும் உங்கள் கோடு எத்தனை அழைப்பு அனுப்பியது, எவ்வளவு நேரம் இடைவெளி விட்டது என்று பொய் சர்வரின் பக்கம் எண்ணுங்கள். உங்கள் பக்கத்து லாக்கை நம்ப வேண்டாம், மூன்றடுக்கு ரீட்ரை அதில் தெரியாது. நாங்கள் இதை எழுதிய அன்றே தேதி வடிவம் எங்களைக் கவிழ்த்தது.

இதற்கு மேலும் புரியாவிட்டால் அந்தச் சேவையின் சப்போர்ட்டுக்கு எழுதுங்கள். தோற்ற அழைப்பின் ரெக்வெஸ்ட் ஐடி, அழைத்த முகவரி, வெளியே தெரியும் ஐபி, வந்த ஹெடர்கள் முழுவதும், நேரம் எல்லாம் வேண்டும். நேரத்தை யுடிசியில் எழுதுங்கள். நம் ஊர் நேரத்தை அப்படியே அனுப்பினால், ஐந்தரை மணி நேரம் தள்ளி வேறு எவருடைய லாக்கையோ பார்த்துவிட்டு, 'எங்கள் பக்கம் ஒன்றும் தெரியவில்லையே' என்று பதில் போடுவார்கள்.